மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பாலைவனம்

ராஜஸ்தான் பாலைவனப் பூங்காவில் பெற்ற மகளின் மூக்கில் கைக்குட்டை கட்டிவிட்ட ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன்.

ஒட்டகச் சவாரிக் கூட்டம் வேண்டாமென்று ஜீப்காரரிடம் சொல்லி, ஆளே இல்லாத ஒரு மணல்மேட்டுக்கு வந்திருந்தோம். கானமயில் என்ற அரிய பறவை தென்படலாம் என்றார் அவர். பைனாகுலரும் கையுமாகக் கணவர் நடந்துவிட்டார். மகள் செருப்பைக் கழற்றினாள். நான் போட்ட அதட்டலில் ஜீப்காரரே திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீடு கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சயனைடு மண், சுரங்கக்காரர்கள் கொட்டிக் கொட்டியே வீட்டுக்குப் பின்னால் மலையாக நிற்கிறது. காற்றடி காலத்தில் சோற்றில்கூட வந்து உட்காரும். அதில் கால் வைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று மிரட்டித்தான் என்னை வளர்த்தார்கள், மகளையும் நான் அப்படித்தான் வளர்க்கிறேன். கணவர் வேலூரிலிருந்து வந்தவர். அவருக்கு மண் வெறும் மண்.

இது விஷமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஊரில் எதைக் கண்டால் பயமோ அதையே பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன் என்று குழம்பினேன். ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். வாசம் ஒன்றுமில்லை. எங்கள் மேட்டு மண்ணுக்கு என்ன வாசம்? அதை நான் முகர்ந்ததே இல்லை.

கணவர் திரும்பி வந்தார். "இன்னா, புள்ளைய கட்டிப் போட்டு வெச்சிருக்க?"

கைக்குட்டையை அவிழ்த்துவிட்டேன். ஓடினாள், உருண்டாள், சறுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஜீப்பில் ஏறும்வரை.

"ம்மா, மண்ணு ஒண்ணும் பண்ணலியே. நம்ம மேட்டுலயும் உருளலாமா?"

அது வேற மண்ணு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். சயனைடு, விஷம் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பழைய மிரட்டலாகத்தான் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. நான் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறேன். அவளுக்குப் பள்ளி நாலு மணிக்கே விட்டுவிடுகிறது. இன்று காலை அவளுக்குத் தலை வாரினேன். சீப்பில் மணல் வந்தது.

வந்தபின் இரண்டு முறை தலைக்கு ஊற்றிவிட்டேன். ஆனாலும் இது ராஜஸ்தான் மணலாகவே இருக்க வேண்டும் என்று, ரயிலைத் தவறவிட்டு, சீப்பைப் பார்த்தபடி நின்றேன்.