பிலோ அக்காவின் பச்சை

செய்தி வந்தபோது நான் வெளிவாசலில் குனிந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கழிவுநீர் நிலையத்தில் சுத்திகரித்த தண்ணீர் வாவிக்குள் விழுகிற குழாயடியைத்தான் வெளிவாசல் என்போம். தொலைபேசியில் பிலோ அக்காவின் கணவர் இன்னாசி அண்ணன். "பிலோ போயிட்டா தங்கச்சி. பூசைக்குப் போகச் சீலை மாத்தினவ, அப்படியே கட்டில்ல சாஞ்சிட்டா." மாரடைப்பு. போத்தல் கைநழுவித் தண்ணீரோடு போய்விட்டது. அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அது ஆறவில்லை.

பிலோமினா அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் நான் இரசாயனப் பக்கம், அவர் பற்றீரியாப் பக்கம். நடுவில் ஒரு மேசை. யாராவது அரைகுறையாக ஒன்றைச் சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து, "கண்டயா, கேட்டயா?" என்று வரும். கண்டேன் என்று சொல்லியும் தப்ப முடியாது. "எதால கண்ட?" என்பார், எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறாய் என்று. அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் எங்கள் அறைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

குளோரின் போட்ட தண்ணீரில் பற்றீரியா செத்துவிட்டதா என்று அறிய, அதைத் தட்டில் ஊற்றி வளர்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒன்றும் முளைக்காவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிடுவோம். அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. குளோரின் பட்டு மயங்கிக் கிடப்பது தட்டில் வளராது, உயிர் மட்டும் இருக்கும் என்றார். "வளரல்ல எண்டா செத்த எண்டு ஆரு சொன்ன? வரம்புல விழுந்த நெல்லு முளைக்கல்ல எண்டா, அதப் பதர் எண்டு சொல்லுவியா கா?"

சண்டை பிடித்துத்தான் ஒளிரும் சாயத்தை வாங்கினார். இரண்டு சாயங்கள். பச்சைச் சாயம் எல்லாப் பற்றீரியாவுக்குள்ளும் புகும். சிவப்பு, மேலுறை கிழிந்து செத்ததற்குள் மட்டும் புகுந்து பச்சையை அமுக்கிவிடும். அறையை இருட்டாக்கி, நீல ஒளி பாய்ச்சி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செத்தது சிவப்பாகவும் உயிரோடிருப்பது பச்சையாகவும் மினுங்கும். காற்றூட்டும் தொட்டியில் பச்சை நிறைந்திருந்தால் எங்களுக்குச் சந்தோஷம், அழுக்கைத் தின்கிறவை அவைதாமே. வெளிவாசலில் பச்சை தெரிந்தால் குளோரின் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒருநாள் அக்கா நுணுக்குக்காட்டியிலிருந்து நிமிராமலே, "இஞ்ச வா கா" என்றார். நானும் பார்த்தேன். எங்கும் பச்சை. தட்டில் ஒன்றுமே முளைக்காத அதே வெளிவாசல் தண்ணீர்.

அதைப் படமெடுத்து மேலதிகாரியிடம் கொண்டுபோனோம். "வடிவா இரிக்கே மிஸ். பச்சை எண்டா நல்லதுதானே?" என்றார்.

"சேர், இது கலர் லைற் இல்ல. இவ்வளவும் உயிரோட வாவிக்குள்ள போகுது."

தலையை ஆட்டினார். கொஞ்ச நாளில் நிலையத்தின் வாசலில் ஆளுயரப் பதாகை ஒன்று எழும்பியது. அதே படம். மேலே, 'பசுமையான நாளைக்காக'. சாக்கடைப் பற்றீரியாவுக்கு விளம்பரம் போட்ட புண்ணியவான்கள்! அக்கா அதன் முன்னால் நின்று திட்டிய திட்டைக் காவலாளி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கத்திக் கத்தி அலுத்தவர் கடைசியில் நேரே குழாயடிக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"தண்ணி தெளிவாத்தானே மிஸ் இரிக்கு?" என்றார் ஒருவர்.

"தெளிவு வேற, சுத்தம் வேற. கால்ல புண்ணையும் வச்சிக்கிட்டு இதுக்குள்ள நிக்காதீங்க. அங்கால தள்ளிப் போய்த் தடவுங்க."

அவர்கள் தள்ளிப் போனார்கள். ஊரில் பீதி கிளப்புகிறார் என்று அக்காவைக் களஞ்சிய அறைக்கு மாற்றினார்கள். நுணுக்குக்காட்டி பிடித்த கையில் துடைப்பமும் வாளியும். சாயம் முடிந்தது, புதிதாக வாங்கவில்லை. தட்டு போதுமாம். மறுபடியும் 'இல்லை' என்றே அறிக்கை போனது. தள்ளிப் போனவர்களும் மெல்லத் திரும்பி வந்து குழாயடியில் இறங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் யார்?

செத்தவீட்டுக்குப் போனால், சந்தியில் நிலையத்தின் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. வலப்பக்கம் அக்காவின் முகம். இடப்பக்கம் முழுக்க அந்தப் பச்சைப் புள்ளிகள். சேமக்காலையில் குழியருகே நின்று மேலதிகாரி, "பசுமைக்காகவே வாழ்ந்தவர்" என்று பேசினார். செத்த பிறகும் அவரை விடமாட்டார்களா? அடக்கம் முடிந்து திரும்பும்போது சந்தியில் நின்று பதாகையின் கயிற்றை அவிழ்த்தேன். இன்னாசி அண்ணன் ஓடிவந்தார். "என்ன கா செய்ற? அவட படம் அதுல இரிக்கு."

அந்தப் பச்சையின் கதையைச் சொன்னேன். அண்ணன் பதாகையை விரித்துப் பார்த்தார். "அவ சண்ட பிடிச்ச சாமானையே அவக்குப் பக்கத்துல கட்டி வச்சிரிக்கானுகள்" என்றார். பிறகு அவரே வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்தார்.

முகம் இருந்த பாதி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. பச்சைப் பாதியை நான் வெளிவாசலில், தண்ணீரில் இறங்குகிறவர்களின் கண்ணில் படும்படி கட்டியிருக்கிறேன். அதன்மேல் கறுப்பு மையால் பெரிதாக எழுதினேன்: 'இது இந்தக் குழாய்த் தண்ணி. பச்சை எல்லாம் உயிரோட இரிக்கு. இறங்காதீங்க.' படித்துவிட்டுச் சிலர் தள்ளிப் போகிறார்கள்.

நேற்று மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஆரு சொல்லிக் கட்டின நீங்க?"

"பிலோ அக்கா, சேர்."

"என்ன கதைக்கிறீங்க? அவதான் செத்துட்டாவே."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபமும் அந்த ஒரு கேள்வியும்தான். இரண்டும் அப்போது கைகொடுத்தன.

"எதால கண்டீங்க, சேர்?" என்று கேட்டேன்.