வாழைத்தோப்புப் பெட்டைச் சிலந்தி

அன்று வாழைத்தோப்பில் இருந்தவர்கள் இவர்கள். வெள்ளைக்காரர் ஒருவர், சர்க்கார் வேலையை விட்டபின் பூச்சி சேர்ப்பவர், நாங்கள் முசே என்போம். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல வந்த குமாஸ்தா. என் மனைவியின் அண்ணன். கூழ் கொண்டு வந்த என் மனைவி. அவளுக்கு அப்போது ஆறு மாசம். கடைசியில் நான்.

தோப்பு எங்களுடையது. அரியூர் போகிற வழியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம்.

முந்தின வருஷம் அதே தோப்பில் முசேக்கு ஒரு சிலந்தி பிடித்துக் கொடுத்திருந்தேன். வலை கட்டாத சாதி. தரையில் ஓடித் திரிந்து இரை பிடிக்கும். அதை அவர் பாரீசுக்கு அனுப்பினார். பதில் வந்தது. இது ஆண், இப்படி ஒன்றை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை, பெட்டையும் கிடைத்தால்தான் பேர் வைக்க முடியும் என்று. அதிலிருந்து பெட்டையைத் தேடி வந்துகொண்டே இருந்தார். அடுத்த கப்பலில் சீமைக்குப் போகிறார். திரும்பி வரமாட்டார்.

மச்சான் ஒரு காய்ந்த சருகை விலக்கினார். பெட்டை இருந்தது. காலை விரித்தால் உள்ளங்கை அகலம் வரும். வயிற்றுக்கு அடியில் ஒரு வெள்ளை உருண்டையைக் கட்டிப் பிடித்திருந்தது. முட்டைப் பை.

அதை உள்ளே போடச் சொல்லி முசே ஸ்பிரிட் பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

பெண்சாதி முழுகாமல் இருக்கும்போது புருஷன் உயிரைக் கொல்லக்கூடாது. எங்கள் பக்கம் அப்படி. எங்களுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று பிறந்த அன்றே போனது. ஒன்று செத்தே பிறந்தது. அதனால் இந்த முறை எலிக்குக் கிட்டி வைப்பதைக்கூட விட்டிருந்தேன்.

"இன்னாய்யா, ஒரு பூச்சிக்கு இவ்ளோ யோசன?" என்றார் குமாஸ்தா.

"எலியே இவன் வூட்ல சம்பந்தி மாதிரி துன்னுட்டுப் போவுது. இவனா பூச்சியக் கொல்லுவான்?" என்றார் மச்சான்.

என் மனைவி கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "முட்டைய வச்சினு இருக்குது. வுட்டுடச் சொல்லுய்யா."

குமாஸ்தா சிரித்துக்கொண்டே அதை முசேயிடம் சொன்னார். முசே சிரிக்கவில்லை. பாட்டிலை மூடினார். கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, உயிரோடு வைத்திருங்கள், குஞ்சு பொரித்துப் போகட்டும், பிறகு தாயை மட்டும் கொடுங்கள் என்றார்.

"குஞ்சு போவட்டும். அப்பறம் எடுத்துக்கட்டும்" என்றாள் அவள்.

பானையில் ஈர மண் போட்டு உள்ளே விட்டோம். வாயைத் துணியால் கட்டி மாட்டுக் கொட்டகையில் வைத்தோம். அதற்கு இரை வேண்டும். மச்சான் வெட்டுக்கிளி பிடித்து வந்து போட்டார்.

"பூச்சியக் கொல்லக் கூடாது, பூச்சிக்குப் பூச்சி போடலாம். நல்லா இருக்குதுடா மாப்ள உன் நாயம்."

"நீதான போடற."

"அப்ப பாவம் எனக்கா?"

"உனக்குத்தான் நாலு புள்ள இருக்குதே."

மனைவி தினமும் பால் கறந்த கையோடு துணியை அவிழ்த்துப் பார்ப்பாள். பைய வச்சினு இருக்குது என்பாள். அந்த நாட்களில் சோறு ஒழுங்காகத் தின்றாள்.

ஒரு காலை நான் போனபோது பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துணி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே சிலந்தி இருந்தது. பை இல்லை. பிய்ந்த நூல் கொஞ்சம் மண்ணில் ஒட்டியிருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "துன்னுடுச்சி" என்றார். சொன்ன பிறகு தங்கை முகத்தைப் பார்த்து வெளியே போய்விட்டார்.

"பெத்ததத் துன்னுமா?" என்று கேட்டாள்.

"அடச்சி வச்சா துன்னும். கோழிகூட முட்டையக் கொத்துது."

குளத்தங்கரையில் பெண்கள் அவளை ரெண்டை முழுங்கினவள் என்று பேசுவார்கள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"நானும் அப்படித்தான் முழுங்கனேனா?"

"வாய மூடு" என்றேன்.

"எடுத்துனு போயிடு அத" என்றாள்.

பானையைத் தூக்கிக்கொண்டு மூலக்குளம் வழியாகப் பட்டணத்துக்கு நடந்தேன். முசே வீட்டில் துணியை நான் அவிழ்க்கவில்லை. குமாஸ்தாவை அவிழ்க்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். முடிந்ததும் கூப்பிட்டார்கள்.

கால்கள் மடங்கி ஒரு பீங்கான் தட்டில் கிடந்தது. முசே பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்லச் சொல்ல, குமாஸ்தா எழுதினார். கண் எட்டு. ரெண்டு, நாலு, ரெண்டு என்று வரிசை. தொடையில் கடுகு போலப் புள்ளி. ஒவ்வொரு காலையும் அளந்தார். முட்டைப் பை எங்கே என்று கேட்டார். நான் விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அதையும் எழுதச் சொன்னார்.

"இப்ப பேர் வைக்கணும்" என்றார் குமாஸ்தா. "அத வச்சிக் காப்பாத்துன அம்மா பேரையே வைக்கறேன்றாரு. உன் பொண்டாட்டி பேர் இன்னா?"

"வேணாம்."

"யோவ், பாரீசுல அச்சுல ஏறும்யா."

"பெத்ததத் துன்னதுக்கு அவ பேரா? வேணாம்னு சொல்லுங்க."

குமாஸ்தா நீளமாக ஏதோ சொன்னார். முசே எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்து வேறு பேர் எழுதினார். குமாஸ்தா படித்துக் காட்டினார். என் வாயில் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "இன்னா பேர் வச்சாரு?"

"நம்ம பேரு இல்ல" என்றேன்.

பத்தாம் மாசம் பெண் பிறந்தது. அழுதது. மருத்துவச்சி பக்கத்தில் போட்டபோது அவள் சுவர் ஓரமாக நகர்ந்து படுத்தாள்.

"எங்கிட்ட போடாதீங்க."

மச்சான் பெண்சாதி வந்து தன் கடைசிப் பிள்ளையோடு சேர்த்து அதற்கும் பால் கொடுத்தாள். இவளுக்கு மார் கட்டிக் காய்ச்சல் கண்டது. அப்போதும் குழந்தையைத் தொடவில்லை. ஆம்பளை உள்ளே வரக்கூடாது என்றாள் மருத்துவச்சி. நான் உள்ளே போனேன். குழந்தையைத் தூக்கி அவள் மார்மேல் வைத்தேன். என் கையை எடுக்கவில்லை.

"நீ எழுந்து போயிடாத" என்றாள்.

"போவல."

குழந்தை குடித்தது. அவள் கண்ணை மூடவே இல்லை. குழந்தையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல நாள், நான் பக்கத்தில் இருந்தால்தான் பால் கொடுப்பாள். ஏர் ஓட்டும்போதும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாள். மச்சான் கேலி செய்தார். நான் போவேன்.

அந்தப் பெண் தங்கினாள். அவளுக்குப் பிறகு மூன்று. அதில் ஒன்றுதான் தங்கியது.

பெற்றது ஆறு. இருப்பது இரண்டு.