கிளர்கன்வெல் மாதாவுக்கு எட்டாத தோள்

போன சனிக்கிழமை லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக் குசினியில் என் மனைவி றெஜினா கறித்தூளுக்குப் பெருஞ்சீரகம் வறுத்தாள். வழமைபோலப் புகை அலாரம் கத்தியது. வழமைபோல நான் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினேன். தூள் வறுக்கும் நாளில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே பொறுப்பு அது. மன்னாரில் பிறந்தவனுக்கு அந்த வாசத்தில் ஊர் ஞாபகம் வருவதுதான் மரியாதை. எனக்கு வந்ததோ கிளர்கன்வெல்லில், ரோஸ்பெரி அவெனியூ பாலத்துக்குக் கீழே, ஆடி மாதத்துப் பின்னேரத்தில் இத்தாலியர்கள் சுடும் சொசேஜ். அதிலும் பெருஞ்சீரகம் போடுவார்கள். இப்படி ஒரு மூக்கை வைத்துக்கொண்டு நான் எங்கே ஊர்ப்பற்றாளனாவது.

லண்டனுக்கு நான் நேரே வந்தவன் இல்லை. சில வருடங்கள் இத்தாலியில், பலெர்மோவில் தரை துடைத்துவிட்டு வந்தவன். அந்தத் தைரியத்தில் கிளர்கன்வெல்லில் பினோவின் சாப்பாட்டுக் கடைக்குள் போய், எனக்கு இத்தாலியன் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலை கேட்டேன். என் இத்தாலியன் முழுவதும் என்னைத் திட்டியவர்களிடம் பழகியது. ஆகவே வணக்கம் சொன்னாலும் வம்புக்கு இழுப்பதுபோல இருக்குமாம். பினோ லண்டனிலேயே பிறந்தவர். அவருக்குத் தெரிந்த இத்தாலியன் சாப்பாட்டுப் பெயர்களும் நல்ல நாலு கெட்ட வார்த்தைகளும்தான். பெயரும் பெருமையும் அவருடையவை, பாஷை என்னுடையது என்று நான் கொஞ்ச நாள் மிதப்பாகவே திரிந்தேன்.

இத்தாலியர் பகுதி என்று பெயரே தவிர, அங்கே இத்தாலியர் குடியிருந்தது நான் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முந்தி. பிள்ளை குட்டிகளோடு எல்லோரும் வெளிப்புறங்களுக்குப் போய்விட்டார்கள். அங்கிருக்கும் தங்கள் மாதா கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் ஆடி மாதத்துத் திருநாளுக்கும் மட்டும் கார் பிடித்து வருவார்கள். நம்முடைய ஆட்கள் எங்கெங்கோ இருந்து லூயிஷாம் சிவன் கோவிலுக்கும் வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கும் படையெடுப்பதைப் பார்த்திருந்த எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. இடைவேளையில் நான் அந்தத் தெருக்களைச் சுற்றுவேன். ஹற்றன் கார்டனில் நகைக்கடைக் கண்ணாடிகளில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லெதர் லேன் சந்தையில் ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை கேட்டுவிட்டு, கோப்பிக்கொட்டை அரைக்கும் கடைவாசலில் ஓசியில் மூச்சு இழுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒருநாள் பினோ ஒரு சீஸ் துண்டைத் தந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல கருவாடு எந்தக் கடையில் என்று மெதுவாக விசாரித்தார்.

றெஜினா அப்போது மன்னாரில் விசாவுக்காகக் காத்திருந்தாள். அது கிடைத்ததைச் சொல்ல எடுத்த போனிலேயே இன்னொன்றையும் சொன்னாள்.

“மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான். நீங்கள் தோளில கூடு தூக்கவேணும். தெருவால தூக்கவேணும்.”

கூடு என்பது மாதாவின் சுருவத்தை, அதுதான் சிலையை, வைத்து, பூக்கட்டி, நீளத் தடிகளில் தோள் கொடுத்துச் சுமக்கும் சின்ன மேடை. நேர்த்தி அவளுடையது, தோள் என்னுடையது. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. மனைவி வேண்டிக்கொள்வாள், கணவனுக்கு மொட்டை விழும். எனக்கு மொட்டைக்கு அவசியமில்லாமல் தலை தானாகவே ஒத்துழைத்துக்கொண்டிருந்ததால் தோளைத் தெரிவுசெய்திருக்கிறாள். அந்த நாளில் எங்கள் தமிழ்ப் பூசை நடந்த கோவிலில் மாதா உள்ளுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி இருப்பிடத்துக்குத் திரும்பிவிடுவார். தெருவால் போகிற மாதா என்று எனக்குத் தெரிந்தவர் இத்தாலியர்களின் மாதா ஒருவர்தான்.

அவர்களுடைய கூட்டில் இடம் கிடைப்பது லேசில்லை. ஒவ்வொரு தோளும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்தது. பினோவுக்கும் ஓர் இடம் இருந்தது, ஆனால் முழங்கால் அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. என் தலை அவருடைய சட்டைப்பையோடு நிற்கும். இருந்தாலும் தன் இடத்தை எனக்குத் தருவதாக மற்றவர்களிடம் பேசினார். முன்னால் தூக்கும் கார்மினே, பனைமரம்போல நின்ற ஒரு முடிதிருத்துநர், என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டோம்.

திருநாளன்று வெள்ளைச் சேட்டோடு நின்றேன். அந்த வருடம் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைச் சிறுமிகள் வெள்ளை உடுப்பில் முன்னால் நடந்தார்கள். பாண்டு வாத்தியம் தொடங்கியது. எல்லோரும் ஒரே மூச்சில் கூட்டைத் தூக்கினார்கள். தடி மேலே போனது, போனதுதான். என் தோளுக்கும் அதற்கும் நடுவில் காற்று ஓடியது. நான் முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, உலகத்துப் பாரமெல்லாம் சுமப்பவன்போல நடந்தேன். ஓரத்தில் நின்ற இத்தாலியப் பெண்மணி ஒருவர் பரிதாபப்பட்டு எனக்குத் தண்ணீர்கூடத் தந்தார்.

றெஜினா பரிதாபப்படவில்லை. வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தாலும் நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் அளந்துவிட்டாள்.

“தடிக்கும் உங்கட தோளுக்கும் நடுவில என்ர கையே போகும். உது தூக்கினதில்லை, கூட நடந்தது.”

கார்களை மெதுவாக்கத் தெருவில் போட்ட ஸ்பீட் பம்ப் ஒன்றில் ஏறியபோது ஒருக்கால் பட்டது என்று வாதாடிப் பார்த்தேன். மாதாவுக்கு ஸ்பீட் பம்ப் கணக்கில்லையாம்.

அடுத்த வருடம் குசினித் துணிகளைச் சுருட்டிச் சும்மாடு செய்து சேட்டுக்குள் வைத்தேன். பாதி வழியில் அது நழுவி முதுகுக்குப் போய், படங்களில் கூனனாக விழுந்தேன். அதற்கடுத்த வருடம் லெதர் லேனில் தேடிப்பிடித்த தடித்த அடிச் சப்பாத்தோடு போனேன். பாண்டுக்கு ஒரு தாளம், என் கால்களுக்கு இன்னொரு தாளம். ஓரமாகப் பொல்லூன்றி வந்த பினோ, மாதாவுக்கு முன்னால் சொல்லக்கூடாத இத்தாலியனில் என்னை எச்சரித்தார். நேர்த்தி மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் நான் போனேன், ஒவ்வொரு ஆடியிலும் றெஜினா உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பாலத்துக்குக் கீழே எல்லோருமாகச் சொசேஜ் தின்றோம். அவர்கள் வைன் குடித்துவிட்டு என் உயரத்தைப்பற்றிப் பாட்டே கட்டினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. உண்மையைச் சொன்னால், நேர்த்தி தீராமலே இருக்கட்டும் என்று ஒரு கட்டத்தில் எனக்குள் ஆசை வந்துவிட்டது.

இப்படி எத்தனையோ ஆடி போன பிறகு ஒரு வருடம், தூக்கிய உடனேயே தோளில் நச்சென்று இறங்கியது. முதலில் யாரோ என்னைப் பிடித்து அமுக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தடிதான். சும்மாடு இல்லை, சப்பாத்து இல்லை, பச்சைத் தோளில் மாதாவின் பாரம். வலித்தது. எனக்கு அடக்கேலாத சந்தோஷம். வழிநெடுக றெஜினாவைத் தேடி, கண்டவுடன் கண்ணால் தோளைக் காட்டினேன். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

பாலத்துக்குக் கீழே அவளிடம் போய், இந்த வயதில் வளர்ந்துவிட்டேன் பார்த்தாயா என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடுதாசித் தட்டோடு கதிரை தேடிக்கொண்டிருந்த கார்மினேயையும் மற்றவர்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நேர்த்தி தீர்ந்திட்டுது. நீங்கள் வளரேல்லை. அவையள் குனிஞ்சிட்டினம்.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். பனைமரம் வளைந்துபோயிருந்தது. நான் சும்மாடும் சப்பாத்துமாக என் தோளையே பார்த்துக்கொண்டிருந்த வருடங்களில் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்திருக்கிறார்கள். சொசேஜ் தட்டைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது, பெருஞ்சீரகம் கண்ணில் பட்டுவிட்டதென்று சமாளித்தேன்.

அடுத்த திருநாளைக் காணப் பினோ இருக்கவில்லை. அவருடைய கடையில் இப்போது சைக்கிள் திருத்துகிறார்கள், கோப்பியும் விற்கிறார்கள். கார்மினேயை மகள் கடற்கரைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிப்போனாள் என்று கேள்வி. தோள் கொடுக்க ஆள் இல்லாததால் மாதா சக்கரம் பூட்டிய மேடையில் போகிறார். நேர்த்தி முடிந்த பிறகும் நான் ஆடியில் போகிறேன், வருகிறவர்களோடு சேர்ந்து ஒரு கை வைத்துத் தள்ளுகிறேன். தள்ளுகிற பிடி எனக்குச் சரியான உயரத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் தள்ளுகிறவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.