ஃபிரிட்ஜ் தண்ணீரில் கலக்கிய அச்சு

எங்கள் பல் கிளினிக்கில் அவளை எல்லோரும் மாவக்கா என்றுதான் கூப்பிடுவோம். பல் அச்சு எடுக்கும் மாவுப் பொடியை ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலக்குவது அவள் வேலை. அந்த ரோஸ் நிறக் குழம்பைத் தட்டில் வழித்து வாயில் பொருத்திவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அது இறுகும்வரை அக்காதான் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த இரண்டு நிமிடமும் வந்தவர் வாயைத் திறக்க முடியாது. அக்கா தன் வாயைத் திறப்பாள். வீட்டில்தான் அதற்கு வழியில்லையே.

அவள் வீட்டுக்காரர் வீட்டுத் தரகர். ஒழுகுகிற வீட்டையும் பேசியே தள்ளிவிடுவார். அக்கா "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தால் மீதியை அவரே முடித்துவிடுவார்.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைத் தாளில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்; மறுநாள் கடைசி நாள். நான்கு நாளாக அக்கா பேச்சை எடுப்பதும் அவர் வெட்டுவதுமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய கடைவாய்ப் பல் உடைந்தது. பல்லுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. உறை போட அச்சு வேண்டும் என்றார் டாக்டர்.

அன்று அக்கா ஃபிரிட்ஜ் தண்ணீரில் கலக்கினாள். தண்ணீர் குளிர்ந்தால் குழம்பு மெதுவாக இறுகும்; இரண்டு நிமிடம் நான்காகும். நடுவில் பாதி விலகிய ஒரு திரைதான், வரவேற்பு மேசையில் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

மகளை அனுப்பலாம் என்று அக்கா சொன்னதும் அவர் முடியாது என்று வேகமாகத் தலையாட்டினார். அச்சு கோணிப்போயிற்று. மறுபடி கலக்கினாள். விடுதி பத்திரமானது என்றாள். மறுபடி ஆட்டினார், மறுபடி கோணல். டாக்டர் எட்டிப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்கும் ஒரு தடவை இடம் கிடைச்சுதுங்க. எங்கப்பா முழுசா கேக்கவே இல்லை. அதான் இங்க நின்னு மாவு கலக்கறேன்."

இந்த முறை அவர் தலையை ஆட்டவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அச்சில் ஒரு பல் விடாமல் அத்தனையும் பதிந்திருந்தது.

அவர் வாய் கொப்பளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார். அக்கா நீட்டிய சேர்க்கைத் தாளை வாங்கி, பேனாவுக்குக் கை நீட்டினார்.

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?"

அக்கா பேனாவைக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனாள்.