தண்ணீர் குடிக்காத கண்டக்டர்

கணவர் இறந்த வருஷம்தான் தனக்கும் எச்.ஐ.வி. இருப்பது கண்டக்டரம்மாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மாத்திரையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. விஷயம் தங்கைக்கு மட்டும் தெரியும். டிப்போவில் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது.

அவளுடைய தொல்லை வேறு. பேருந்து போகும் வழியில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. அதனால் டூட்டி முடிகிறவரை தண்ணீர் பக்கமே போகமாட்டாள். நாள் முழுக்க நின்று இடுப்பு கழன்று போனால், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் விசில் ஊதுவாள்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தரம் பார்த்தார். "கிட்னி வேலை கொஞ்சம் குறைஞ்சிருக்கும்மா. ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு ஏறியிருக்கு. இன்னும் சில டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க."

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் கொட்டித் தீர்த்தாள். "உயிரைக் காப்பாத்துற மாத்திரையே கிட்னியைத் தின்னுதுடி. இனிமே அதைத் தொடமாட்டேன்."

"நிறுத்தணும்னா டாக்டர் நிறுத்தட்டும். நீயா டாக்டராயிடாதே அக்கா. இந்தா, முழுங்கு. வாயைத் திறந்து காட்டு!"

அடுத்த வாரம் தங்கையும் கூடவே வந்தாள். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டரம்மா கேட்க, அக்கா மென்று முழுங்கினாள். தங்கைக்குப் பொறுக்கவில்லை. "வலி மாத்திரையைக் கடலை மாதிரி கொறிக்கிறா டாக்டர். தண்ணி மட்டும் குடிக்கமாட்டா!"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நீங்க சாப்பிடுறதுல ஒரு மருந்து சில பேருக்குக் கிட்னியைத் தொந்தரவு பண்ணும். அதோட வலி மாத்திரையும் தண்ணி குடிக்காததும் சேர்ந்தா கிட்னி என்ன பண்ணும், பாவம்? அந்த மருந்தை நான் மாத்தித் தரேன். வலி மாத்திரையைத் தலைமுழுகிடுங்க. இடுப்புக்குப் பயிற்சி இருக்கு, சொல்லித் தரச் சொல்றேன்."

மருந்து மாறியது. தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் டிரைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பொசுக்கென்று வெடிப்பதால் அவருக்குக் 'கடுகு' என்று பெயர்.

"அண்ணே, எனக்குக் கிட்னியில கோளாறு. தண்ணி நிறைய குடிக்கணுமாம். வழியில பெட்ரோல் பங்க்ல கொஞ்சம் நிறுத்துவீங்களா?"

கடுகு வெடித்தார். "இத்தனை வருஷமா வாயைத் திறக்க என்னம்மா கேடு? நான் மட்டும் நினைச்ச இடத்துல இறங்கிப் போறேன், பாத்துட்டுத்தானே இருந்தே?"

மறுநாள் பங்க்கில் வண்டி நின்றது. முன்சீட்டுக்காரர் முணுமுணுத்தார். "ஆபீஸ் எங்கேயும் ஓடிப்போயிடாது சார்" என்று கடுகு அவரை உட்கார வைத்தார்.

அதோடு விடவில்லை அவள். மற்றப் பெண் கண்டக்டர்களையும் திரட்டிக்கொண்டு, அந்த நிறுத்தத்தைக் கேட்டு டிப்போ மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று இழுத்தார். அவர்கள் நகர்வதாக இல்லை. அடுத்த மாத நேர அட்டவணையில் அந்த நிறுத்தம் ஏறிவிட்டது.

சில மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிட்னி பழையபடி முழுசாக ஆகவில்லை. ஆனால் கிரியாட்டினின் நன்றாக இறங்கியிருந்தது. கிருமியும் தலைகாட்டவில்லை. "இப்படியே போனா கவலையில்லை. டெஸ்டுக்கு மட்டும் டிமிக்கி குடுக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள்.

"இறங்கிடுச்சுடி!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏய், அழறியா?"

"யார் அழுதா? சளி. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."