ஓஹையோவில் வசிக்கும் செசிலி ஆன்ட்ரூஸ்

நீங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத மனிதர் ஒருவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவர் இடத்தில் உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொடுப்பீர்களா? மாட்டேன் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். மாதம் தவறாத சம்பளம், ஏசி போட்ட அறை, வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்வரும் தூரம். இப்போது சொல்லுங்கள்.

செசிலி எழுதிக் கொடுத்தாள். தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் அவளுடையது. அப்பா ஆன்ட்ரூஸ், மீன்பிடித் தொழிலாளி. புதுக்கடைச் சந்திப்பில் பேக்கரிக்கு மேல் மாடியில் அந்த அலுவலகம் திறந்தபோது அவள் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அலுவலகத்தை நடத்தியவர் ஜிபின், தோஹாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது என்று அவளே என்னிடம் சிரிக்காமல் சொன்னாள்.

“ஒனக்க பேரு என்ன பிள்ள?”

“செசிலி.”

“அப்பாக்க பேரு?”

“ஆன்ட்ரூஸ்.”

“செசிலி ஆன்ட்ரூஸ்.” ஜிபின் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். “போதும் மக்கா. நாளைக்கே வா. சர்டிபிக்கேட்டு ஒண்ணும் கொண்டு வரண்டாம்.”

வேலை இதுதான். ஜப்பானில் ஒரு நிறுவனம் கணினி விளையாட்டுத் தொடர் ஒன்றைப் பாகம் பாகமாக வெளியிட்டு வந்தது. ‘ஷியோமிச்சி’ என்று பெயர். கடல்வழி என்று பொருளாம். சுட்டுத் தள்ளிக்கொண்டே ஓடுகிற விளையாட்டு அல்ல. ஒரு பழைய கப்பலில் சிலர் சேர்ந்து ஊர் ஊராகப் போவார்கள். ஆடுபவர் அவர்களில் ஒருவராகவே வாழ்ந்து, பேசி, சமைத்து, சண்டையிட்டு, கதையைக் கடக்க வேண்டும். ஜப்பானில் பிள்ளைகளுக்கும் தாத்தாக்களுக்கும் அதைத் தெரியும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டும் அது விற்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, வெளியிடும் முன்பே மேற்கத்திய ஆட்டக்காரர்களிடம் கொடுத்து ஆடவைத்து அவர்கள் கருத்தை வாங்க நினைத்தது நிறுவனம். அந்த வேலை சிங்கப்பூரில் ஒருவருக்குப் போனது. அவர் பெங்களூரில் ஒருவருக்குக் கைமாற்றினார். பெங்களூர்க்காரர் புதுக்கடைக்குத் தள்ளினார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, கடைசியில் வந்து சேர்ந்த பணத்துக்கு வெள்ளைக்காரர் யாரும் கிடைக்க மாட்டார்.

கிடைப்பதென்னவோ குமரி மாவட்டத்துப் பெயர்கள்தாம்; அவற்றை வைத்து உள்ளூர்ப் பிள்ளைகளே வெள்ளைக்காரர்களாக ஆடி எழுதிக் கொடுத்தார்கள். போர்த்துகீசியப் பாதிரிமார் கடற்கரையில் வந்திறங்கித் தண்ணீர் தெளித்தபோது பெயர் கொடுத்தார்கள். பிறகு இங்கிலாந்துப் பாதிரிமார் உள்பகுதியில் பள்ளிக்கூடம் கட்டியபோது கொடுத்தார்கள். எட்சன், ஆன்ட்ரூஸ், செசிலி. இவற்றைச் சுமந்துகொண்டு நம் ஆட்கள் நண்டும் சாளையும் பிடித்தார்கள், ரப்பர் வெட்டினார்கள். பெயருக்கென்று ஒரு சலுகை எங்கும் கிடைக்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் அதற்குக் கிடைத்த முதல் மரியாதை இந்த மோசடி.

சுடலையாண்டி என்றொரு தோவாளைக்காரனும் அங்கே சேர்ந்தான். அவன் பெயரைக் கேட்டு ஜிபினே கொஞ்சம் திகைத்துப் போனார். பிறகு சமாளித்தார்.

“பின்னால உள்ளத மட்டும் எழுது. ஆண்டி. அமெரிக்காவுல தெருவுக்கு ஒரு ஆண்டி உண்டு.”

“எங்க சொடலமாடன் கையில வெட்டருவாளோட நிக்கவரு சார். அவருக்க பேரையே வெட்டிட்டீரே.”

“சாமி கோவிச்சுதுன்னா எனக்கிட்ட வரச் சொல்லு. அவருக்கும் ஒரு ஐடி போட்டுத் தாறேன்.”

அறையே சிரித்தது. கேள்வித்தாளில் ஊர் என்ற இடத்தில் செசிலி அமெரிக்காவின் ஓஹையோவைத் தேர்ந்தெடுத்தாள். எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. ஒருமுறை, விளையாட்டில் சுறா வலையும் சாளை வலையும் ஒரே கண்ணளவில் இருப்பதாகக் குறை எழுதிவிட்டாள். ஜப்பானியர் அதைத் திருத்தி, ஓஹையோ ஆட்டக்காரருக்கு நன்றி சொல்லி எழுதினார்கள். ஓஹையோவில் கடலே கிடையாது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மற்றவர்களுக்கு இது வேலை. செசிலிக்கு அப்படி இல்லை. இந்தத் தொடரின் முதல் பாகத்தை அவள் முன்பே ஆடியிருந்தாள். அண்ணன் ஞானதாசன் பஹ்ரைனில் ஓர் அரபியின் மீன்பிடிப் படகில் இருந்தவன். விடுமுறைக்கு வந்தபோது பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றையும் அதற்குள் ஷியோமிச்சியையும் கொண்டுவந்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து ஆடினார்கள். அதில் சண்டை முறைவைத்து நடக்கும்: நாம் ஓர் அடி, எதிரி ஓர் அடி.

“ஏட்டி, அவன் வந்து அடிக்கது வரைக்கும் நீ என்னத்துக்கு வாயப் பாத்துட்டு நிக்க?”

“இப்ப அவனுக்க முறை அண்ணா.”

“கடல்ல போயி அலைகிட்ட முறை பேசிப் பாரு. வெளங்கும்.”

பஹ்ரைன் வேண்டாம், சொந்தக் கடலே போதும் என்று ஊரில் தங்கிவிட்டான். ஒக்கிப் புயல் வந்த அன்று அவன் கடலில் இருந்தான். எச்சரிக்கை கரைக்கு வந்த நேரத்துக்கும் படகுகள் போன நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி இந்த நாட்டில் எவருக்கும் தண்டனை இல்லை. உடல் கிடைக்கவில்லை. எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்று ஊரில் ஒரு படகும் இறங்காது. அடக்கம் முடியும்வரை கரையில்தான் எல்லோரும். உடலே இல்லாத சாவுக்கு அடக்கம் எது? ஊர் முதலில் காத்திருந்தது. பிறகு பசித்தது. பிறகு படகுகள் இறங்கின. செசிலியின் வீட்டில் மட்டும் அந்த நாள் முடியவே இல்லை.

மூன்றாம் பாகம் சோதனைக்கு வந்தபோது அதில் ஓர் இடம் இருந்தது. கப்பலின் கிழட்டுச் சுக்கான்காரர் இறந்துபோகிறார். அடுத்த நாள் முழுக்கக் கப்பல் கரையை விட்டு நகராது. ஆடுபவர் என்ன பொத்தானை அழுத்தினாலும் சண்டை வராது, பயணம் வராது. வீடு வீடாக நடக்கலாம். கொடுக்கிற கஞ்சியைக் குடிக்கலாம். இறந்தவரைப் பற்றி ஊரார் சொல்வதைக் கேட்கலாம், சிலர் அவரைத் திட்டுவதையும் கேட்கலாம். சாயங்காலம் ஆனதும் கடைசி வீட்டுக்காரி, “இனிப் போங்கள்” என்பாள். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

செசிலி அதை இரண்டாம் தடவையும் ஆடினாள். அவள் ஊர் ஞானதாசனுக்குக் கொடுக்க முடியாமல் போன நாளை யாரோ ஒரு ஜப்பானியர் கொடுத்திருந்தார். இறப்புக்குப் பின் ஆன்மா எங்கே போகிறது என்று அந்த விளையாட்டு கதைவிடவில்லை. இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் காட்டியது. மதங்கள் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை.

கேள்வித்தாளில் அவள் எழுதினாள்: இதைத் தொடாதீர்கள். ஜிபின் அவளை அழைத்தார்.

“இது என்ன எழுதிவச்சிருக்க? வெள்ளக்காரனுக்குப் பொறும கெடையாது. சாவு வீட்டுல ரெண்டு மணி நேரம் குத்த வச்சிருப்பானா? வெட்டணும்னு எழுது.”

“ஒங்களுக்கு எப்படி அறியும் சார்?”

“நான் தோஹால வெள்ளக்காரனுக்குக் கீழ எட்டு வருசம் ஜோலி பாத்தவன்.”

“அவரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“எனக்ககிட்ட அவரு பேசினதே இல்ல,” என்றார் ஜிபின்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த அறையில் ஒரு தெய்வம் இருந்தது. மேற்கத்திய ரசிகன் என்று அதற்குப் பெயர். யாரும் அதைக் கண்டதில்லை. அதற்குப் பொறுமை இல்லை, அழத் தெரியாது, நீளமாகப் படிக்காது, இரத்தம் கேட்கும். ஜிபின் அதற்குச் சாமியாடி. பெங்களூர்க்காரர் பூசாரி. டோக்கியோவில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கைகட்டி நின்று குறி கேட்டார்கள். கேட்டபடி பலியும் கொடுத்தார்கள். உயிருள்ள மேற்கத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூலி அதிகம் என்றார்களாம்.

மாறுபட்ட கருத்து ஒன்றிரண்டு வந்தால் அறிக்கை கெட்டுவிடும், பெங்களூர் திருப்பி அனுப்பும், வேலை போகும் என்று ஜிபின் விளக்கினார். அறையில் இருந்த நாற்பது பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலருடைய சம்பளத்தில் ஒரு வீடே ஓடியது. செசிலி தன் இடத்துக்குப் போய் அழித்துவிட்டு எழுதினாள்: சலிப்பாக இருக்கிறது, நீக்கிவிடலாம். சுடலையாண்டியும் அதையே எழுதினான். எல்லோரும் எழுதினார்கள்.

ஆங்கிலப் பதிப்பு வந்தது. சுக்கான்காரர் சாகிறார், சின்னதாக இசை, உடனே கடல் பூதத்தோடு சண்டை. ஆடியவர்கள் இணையத்தில் எழுதியதைத் திரட்டுவதும் செசிலியின் வேலையாக இருந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: “அந்தக் கிழவரோடு இருபது மணி நேரம் பயணம் செய்தேன். அவரைப் புதைக்கக்கூட விடவில்லை.” இன்னொருவர்: “ஜப்பானியப் பதிப்பில் ஒரு நாள் முழுக்க இருக்கிறதாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? எங்களை என்னவென்று நினைத்தார்கள்?” பக்கம் பக்கமாக அப்படி. செசிலி அதை ஜிபினிடம் கொண்டுபோனாள்.

“இவங்க அழுதிருக்காங்க சார். நம்ம ஊருக்காரங்கள மாதிரியே.”

“ரிப்போர்ட்டுல அதப் போடாத மக்கா. போட்டா வெட்டச் சொன்னவன் யாருன்னு கேப்பான்.”

போடவில்லை.

அந்தத் தொடர் மேற்கில் தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு மரக்கட்டையாக இருந்தது. ஒவ்வொரு பாகமும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பெரிய கண்ணுள்ள பொம்மைகளைக் கண்டதும் குழந்தைச் சமாச்சாரம் என்று ஒதுக்கிய விமர்சகர்களின் திமிரும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றையும் மீறி அந்தக் கப்பலில் ஏறியவர்களைத்தான் புதுக்கடையிலிருந்து பிடித்துத் தள்ளினார்கள். பாகத்துக்குப் பாகம் ஜப்பான்காரர்கள் குறி கேட்டு வெட்டினார்கள், வெட்டியதால் விற்பனை சரிந்தது, சரிந்ததால் இன்னும் பயபக்தியோடு குறி கேட்டார்கள்.

கடந்த ஆண்டு அறிவிப்பு வந்தது. மேற்கத்திய ரசனை தங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, இனி ஷியோமிச்சி ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளிவரும் என்று நிறுவனம் வருத்தத்தோடு சொன்னது. பேக்கரி மாடி காலியானது. ஜிபின் மறுபடி தோஹாவுக்குப் போய்விட்டார். செசிலி மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். ஜப்பானிய மொழி அவளுக்குத் தெரியாது. அந்தக் கப்பலில் ஏறுவதற்கு அவளுக்கிருந்த ஒரே பலகை ஆங்கிலம். அதை அவள் கையாலேயே இழுத்துப்போட வைத்தார்கள்.

வேலை போன பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். நிறுவனத்துக்கு நேரடியாக எழுதினாள். நான் ஓஹையோக்காரி இல்லை, தமிழ்நாட்டில் ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பெண், சலிப்பு என்று நான் எழுதியது பொய், அந்த நாளைத் திருப்பிக் கொடுங்கள், உங்கள் ஆட்டக்காரர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று. ஒளிவு மறைவு இல்லை. மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

பதில் உடனே வந்தது. பழைய பட்டியலில் அவள் பெயரைப் பார்த்து இயந்திரம் அனுப்பிய பதில். “அன்புள்ள செசிலி ஆன்ட்ரூஸ், வட அமெரிக்க ஆட்டக்காரர்களின் கருத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.” மறுபடி எழுதினாள். மறுபடி அதே வரி. சுடலையாண்டியிடம் காட்டியபோது அவன் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பான் என்று எதிர்பார்த்தாளாம். அவன் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “விடு மக்கா, நாம சொன்னத அவனுவ அவ்வளவு நம்பியிருக்கானுவ,” என்று மட்டும் சொன்னான்.

எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு செசிலி எழுதினால் இயந்திரம் அவளை ஓஹையோவுக்கு அனுப்பிவிடுகிறது. நாற்பது பேர் எழுதினால் ஒரு மனிதக் கண்ணாவது அதில் படலாம். படாமலும் போகலாம். புதுக்கடை மாடியில் அந்த அறையில் நீங்களும் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், அல்லது வேறு ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு மாடியில் இப்படி வேறொரு நாட்டுக்காரராக எழுதிக் கொடுத்தீர்கள் என்றால், இன்றைக்கே அந்தந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். எதை வெட்டச் சொன்னீர்கள், யார் சொல்லச் சொன்னார்கள், உங்களுக்கு உண்மையில் எது பிடித்திருந்தது என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் எழுதுங்கள். பெயரை முழுதாகப் போடுங்கள், அதன் கீழே உங்கள் ஊரைப் போடுங்கள்.