ஒரு சொட்டு ஷாம்பு

ஷாம்பு பாக்கெட்டில் குண்டூசியால் ஓட்டை போட்டு, ஒரே ஒரு சொட்டு பிழிகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? என் அப்பா அப்படித்தான். காலேஜுக்காகத் தங்கியிருக்கும் படூர் ரூமில் ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து ஷாம்பு வாசம் வந்ததும் அவர் ஞாபகம் வந்தது, கூடவே கடுப்பும்.

மாமல்லபுரத்தில் அவர் போட்டோகிராபர். கழுவிய ஃபிலிமைக் கடைசியாக ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் முக்கி எடுப்பார். அப்போதுதான் எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் புள்ளி விடாமல் வழியும். அதற்கென்றே விற்கிற மருந்தை வாங்கவே மாட்டார். மீதி பாக்கெட்டுக்கு க்ளிப் மாட்டி வைப்பார், யாரும் தொடக்கூடாது.

என் காதுகுத்து ஃபிலிமைக் கழுவிய அன்றைக்கு, க்ளிப் மட்டும்தான் இருந்தது.

"இன்னாடி, ஷாம்பு எங்க?"

"தலைக்கு ஊத்திக்கினேன். எண்ண வெச்ச தலையோட உன் ஃபிலிமுக்குக் காவலு குந்திகினு கெடக்கணுமா?" என்றாள் அம்மா.

"ஒரு சொட்டுகூட உடலியா?"

"உன் புள்ள மூஞ்சிக்கு ஒண்ணும் ஆவாது, போ!"

ஆனது. மாமா மடியில் நான், முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி. என் காதுகுத்துக்கு இருக்கும் ஒரே போட்டோ அதுதான்.

ரூம்மேட் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"மச்சான், ஒரு சொட்டு ஷாம்பு குடுடா."

"அதான் கடைசி பாக்கெட்டு. போட்டுக்கினேன்."

நாளைக்குக் காலேஜில் போட்டோ சப்மிஷன். இங்கேயும் உப்புத் தண்ணீர்தான். கழுவி எடுத்த ஃபிலிம் காய ஆரம்பித்துவிட்டது.